சிம்பன்சிகளுக்காக உழைக்க விரும்பும் மதுரைக்காரர் முன்னுள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

மதுரையிலும் திண்டுக்கல், தேனி, சிவகங்கைப் பக்கங்களிலும் விலங்கியலோ கால்நடை மருத்துவமோ படிக்கும் இளைஞர் சிலரிடம் ஒரு விருப்பத்தைக் காண்கிறேன். ஆப்பிரிக்காவுக்குச் சென்று, அழிவை எதிர்நோக்கும் சிம்பன்சிகளைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றில் சில வாரங்களாவது தன்னார்வலராகப் பணியாற்ற வேண்டும் என்பதே அது. வேலைக்குச் சேர்ந்து கையில் ஓரளவு சேமிப்பு உள்ளவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். இந்த விருப்பத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அதனாலேயே அது வீணாகிவிடக் கூடாது என்று கவலைப்படுகிறேன். தன்னார்வலர்களை அழைக்கும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை போகிறவருக்கு என்ன அனுபவம் கிடைக்கும் என்பதையே விரித்துப் பேசுகின்றன. இக்கட்டுரை மறுபக்கத்திலிருந்து ஒப்பிடுகிறது: நீங்கள் செலவிடும் பணத்துக்கும் நாட்களுக்கும் ஈடாக, நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அந்த விலங்குக்கு எது மிஞ்சி நிற்கிறது என்பதே இங்கு அளவுகோல்.

முதலில் சிம்பன்சிகளின் நிலை. காடுகளில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 1,70,000 முதல் 3,00,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. நான்கு உள்ளினங்களில் மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சியின் எண்ணிக்கை 1990-க்கும் 2014-க்கும் இடையில் சுமார் 80 விழுக்காடு குறைந்தது. 2016-இல் அது மிக அபாய நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. காடழிப்பு, இறைச்சிக்கான வேட்டை, சுரங்கம், மனிதரிடமிருந்து தொற்றும் நோய், குட்டிகளைச் செல்லப் பிராணிகளாக விற்கும் வணிகம் ஆகியவை காரணங்கள். பெண் சிம்பன்சி முதல் குட்டியை ஈனுவதற்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகிவிடுகிறது. அடுத்த குட்டிக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு குட்டியை உயிரோடு பிடிக்க வேண்டுமானால் தாயையும், தடுக்க வரும் பிற சிம்பன்சிகளையும் கொன்றாக வேண்டும். ஆகவே காப்பகத்துக்கு வந்து சேரும் ஒவ்வோர் அநாதைக் குட்டிக்குப் பின்னாலும் காட்டில் பல இறப்புகள் இருக்கின்றன. காப்பகங்கள் செய்வது அந்தக் கொடுமையிலிருந்து தப்பியவற்றை வாழவைக்கும் பணி. காட்டில் எஞ்சியவற்றைக் காப்பது அதனோடு தொடர்புடைய, ஆனால் வேறான பணி. எந்தப் பணிக்கு உதவப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் தேர்வு பாதி எளிதாகிவிடும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி காப்பகத்துக்கு நேரில் செல்வது. உகாண்டாவில் விக்டோரியா ஏரியின் நடுவே சுமார் 100 ஏக்கர் பரப்புள்ள ங்காம்பா தீவில் 1998 முதல் ஒரு காப்பகம் இயங்குகிறது. ஐம்பது சிம்பன்சிகளுக்கு அத்தீவின் காடு போதாது என்பதால் பழங்களும் காய்களும் கரையிலிருந்து படகில் வர வேண்டும். சாம்பியாவில் டேவிட் சிடில், ஷீலா சிடில் தம்பதியர் தங்கள் கால்நடைப் பண்ணையில் 1983-இல் தொடங்கிய சிம்ஃபுன்ஷி, இவ்வகைக் காப்பகங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இவை போன்ற இடங்களில் தன்னார்வலரின் அன்றாட வேலை பழம் நறுக்குவது, கஞ்சி காய்ச்சுவது, இரவுக் கூண்டுகளைக் கழுவுவது, சிம்பன்சிகள் சலிப்படையாதிருக்க உணவை ஒளித்துவைக்கும் பொருட்களைச் செய்துகொடுப்பது, வேலி பார்ப்பது, பதிவேடு எழுதுவது ஆகியவையே. வளர்ந்த சிம்பன்சியைத் தொடும் வாய்ப்பு இராது, இருக்கவும் கூடாது. இத்தனைக்கும் தன்னார்வலரே காப்பகத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. அக்கட்டணத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் சுற்றுலா வருமானம் ஏறியும் இறங்கியும் வரும் ஊர்களில் தீவனச் செலவின் ஒரு பகுதியை அதுவே தாங்குகிறது. ஆனால் மதுரையிலிருந்து புறப்படும் ஒருவர் சென்னை, மும்பை அல்லது துபாய் வழியாக விமானம் மாறிச் சென்று, விசா, காப்பீடு, தடுப்பூசி எல்லாவற்றையும் முடிக்கும்போது, மொத்தச் செலவில் பெரும்பங்கு வழியிலேயே கரைந்துவிடுகிறது. காப்பகத்துக்குச் சேருவது மீதிதான்.

பணத்தைவிட எனக்கு அதிகம் உறுத்துவது நோய். நமக்குச் சாதாரணத் தடுமனைத் தரும் ரைனோவைரஸ் சி என்ற கிருமி, 2013-இல் உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் கன்யவாரா என்ற கூட்டத்தைத் தாக்கியபோது, 56 சிம்பன்சிகளில் ஐந்து இறந்தன. மரபணுவில் நமக்கு அவ்வளவு நெருக்கமானவை என்பதால் நம் சளியும் காய்ச்சலும் அவற்றை எளிதில் தொற்றுகின்றன; ஆனால் நம் உடலுக்குப் பழகிப்போன கிருமிக்கு எதிரான வலு அவற்றுக்கு இல்லை. நெடும்பயணத்தில் பல விமான நிலையங்களைக் கடந்து, களைத்த உடம்போடு காப்பகத்துக்குள் நுழையும் ஒருவர் எவ்வளவு நல்லெண்ணம் கொண்டவராக இருந்தாலும் ஒரு நோய்க் கடத்தியாக இருக்கக்கூடும். இரண்டு வாரத்துக்கு ஒருவர் மாறி மாறி வரும் ஏற்பாட்டைவிட, ஆறு மாதம் ஒரே இடத்தில் தங்கும் ஒருவர் சிம்பன்சிகளுக்குப் பாதுகாப்பானவர் என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். இந்தியர்களுக்குக் காசநோய் பற்றிய கேள்வியும் கட்டாயம் எழும். சிறுவயதில் பி.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும், நோய் வெளிப்படாமல் கிருமி உடலில் உறங்கும் நிலையில் இருப்பவர்களுக்கும் தோல் பரிசோதனையில் தடிப்புத் தோன்றலாம். அதைக் கண்டு மனம் தளராமல், மார்பு எக்ஸ்ரேயும் நெஞ்சக மருத்துவரின் சான்றும் பெற்று, காப்பகத்தின் மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டி முடிவு கேட்பதே முறை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உகாண்டா, சியரா லியோன் போன்ற நாடுகளுக்குச் செல்ல அது வேண்டும். திரும்பி வரும்போது சான்று இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். எல்லா மருத்துவமனைகளிலும் அந்த ஊசி கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுகிறார்கள், சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் அவற்றுள் ஒன்று. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்று செல்லும். அதன் பின் வாழ்நாள் முழுவதும் செல்லும்.

நேரில் செல்வோர் இடத்தைத் தேர்வதில் ஒரு விதியைக் கடுமையாகப் பின்பற்ற வேண்டும். குட்டிச் சிம்பன்சியை மடியில் வைத்துக்கொஞ்சலாம், படம் எடுக்கலாம் என்று அழைக்கும் எந்த இடத்துக்கும் போகாதீர்கள். மனிதரோடு ஒட்டியிருக்கும் சிம்பன்சியின் படத்தைப் பார்ப்பவர்கள், அந்த விலங்குக்குக் காட்டில் ஆபத்து இல்லை என்றும் அதை வீட்டில் வளர்க்கலாம் என்றும் எண்ணத் தலைப்படுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் கைப்பேசியிலுள்ள அந்த ஒரு படம், நீங்கள் இரண்டு வாரம் கூண்டு கழுவிச் செய்த நன்மையை அழித்துவிடக்கூடும். ஆப்பிரிக்கக் காப்பகங்கள் 2000-இல் சேர்ந்து அமைத்த பான் ஆப்பிரிக்கக் காப்பகக் கூட்டமைப்பில் அந்த இடம் உறுப்பினராக உள்ளதா என்று பார்ப்பது நல்ல முதல் சோதனை. காப்பகத்தில் இனப்பெருக்கம் தடுக்கப்படுகிறதா என்று கேட்பது அடுத்த சோதனை. பொறுப்புள்ள காப்பகங்கள் பெண் சிம்பன்சிகளுக்குக் கருத்தடை செய்கின்றன, ஏனெனில் அங்கே பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் மீட்கப்படக் காத்திருக்கும் ஓர் அநாதையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் யார் போக வேண்டும்? அங்கே கிடைக்காத ஒரு திறமையை எடுத்துச் செல்லக்கூடியவர். கூண்டு கழுவவும் பழம் நறுக்கவும் அந்தந்த ஊர்களில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலியே அவர்களைக் காட்டின் பக்கம் நிற்கவைக்கிறது. மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்த கால்நடை மருத்துவர், மின்வேலியையும் சூரிய மின்தகடுகளையும் பழுதுபார்க்கத் தெரிந்தவர், கணக்கு வழக்கை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைபடம் ஆக்கத் தெரிந்தவர் ஆகியோரைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு. சியரா லியோனின் டாக்குகாமா காப்பகத்தை 1995-இல் நிறுவிய பாலா அமரசேகரன் இலங்கையில் பிறந்தவர்; தொழிலால் கணக்காளர். அவரும் மனைவியும் 1988-இல் நோயுற்ற ஒரு குட்டிச் சிம்பன்சியை விலைகொடுத்து வாங்கிக் காப்பாற்றியதில் தொடங்கி, உள்நாட்டுப் போரையும் எபோலாக் கொள்ளைநோயையும் கடந்து அந்தக் காப்பகம் நிலைத்திருக்கிறது. அந்நாடு 2019-இல் சிம்பன்சியைத் தன் தேசிய விலங்காக அறிவித்தது. ஆயினும் சுற்றியுள்ள காடு தொடர்ந்து வெட்டப்படுவதைக் கண்டித்து, 2025-இல் டாக்குகாமா பார்வையாளர்களுக்குத் தன் வாயிலை மூடியது. அமரசேகரன் அங்கேயே வாழ்ந்தார், அந்த ஊராரோடு பேசினார், அரசோடு மல்லுக்கட்டினார். பயன் அதிலிருந்தே வந்தது. இத்தகைய நீண்ட பணிக்கு வாய்ப்புத் தேடுவோர் கினியாவில் மேல் நைஜர் தேசியப் பூங்காவிலுள்ள சிம்பன்சிப் பாதுகாப்பு மையத்தைக் கவனிக்கலாம். அது மாதக்கணக்கில் தங்கக்கூடியவர்களையே நாடுகிறது. பிரெஞ்சு மொழி தெரிந்திருக்க வேண்டும். மதுரையில் இருந்தபடியே ஓராண்டில் பிரெஞ்சைப் பேசுமளவுக்குக் கற்றுக்கொள்ளலாம், கல்வி அவ்வளவு தூரத்தில் இல்லை.

காட்டிலுள்ள ஆய்வு நிலையங்களில் பயிற்சியற்ற தன்னார்வலருக்கு இடம் அரிது. உகாண்டாவின் புடோங்கோ போன்ற காடுகளில் கம்பிக் கண்ணிகளைத் தேடி அகற்றும் குழுக்கள் உள்ளூர் மக்களால் ஆனவை. மான், பன்றிக்கு வைத்த கண்ணியில் சிக்கி விரலோ கையோ இழந்த சிம்பன்சிகள் அங்கே பல உண்டு. தான்சானியாவின் கோம்பேயில் 1960-இல் சிம்பன்சிகளைப் பற்றிய ஆய்வைத் தொடங்கிய ஜேன் குடால், பின்னாளில் காட்டைச் சுற்றிய மலைகள் மொட்டையானதைக் கண்டு, 1994-இல் கிராம மக்களின் கடன், கல்வி, குடிநீர் ஆகியவற்றிலிருந்து தொடங்கும் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினார். காட்டைக் காப்பவர்கள் அதன் ஓரத்தில் வாழ்பவர்களே என்பதால் அந்தப் பணத்தையும் வேலையையும் அவர்களுக்கே விடுவது சரி.

இனி, வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை. ஜெர்மனியிலுள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஆப்பிரிக்காவில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மரங்களில் கட்டிய தானியங்கிக் காமிராக்களின் காணொளிகளைச் சேகரித்தார்கள். அவற்றைப் பார்த்து முடிக்க எந்த ஆய்வுக் குழுவிலும் போதிய கண்கள் இல்லை. அதற்காகவே 2015-இல் ஜூனிவர்ஸ் என்ற இணையத்தளத்தில் 'சிம்ப் அண்ட் சீ' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு நிமிடத்துக்கு மிகாத காணொளியைப் பார்த்து, அதில் என்ன விலங்கு, எத்தனை, என்ன செய்கிறது என்று குறிக்க வேண்டும். ஒரே காணொளி பலருக்குக் காட்டப்பட்டு விடைகள் ஒப்பிடப்படுவதால் தொடக்கநிலைப் பிழைகள் ஆய்வைக் கெடுப்பதில்லை. சில மாதங்கள் பழகியவர்கள், முகத்தையும் காது மடலையும் வடுவையும் வைத்துத் தனித்தனிச் சிம்பன்சிகளை அடையாளம் காணும் அளவுக்குத் தேர்ந்துவிடுகிறார்கள். ஒரு காட்டில் எத்தனை சிம்பன்சிகள் உள்ளன என்று கணிப்பதற்கு இந்த அடையாளங்கள் அடிப்படையாகின்றன. விமானச் சீட்டு இல்லை, தடுப்பூசி இல்லை, சளி பரவும் அச்சம் இல்லை. இரவு உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கும் ஒரு பள்ளி ஆசிரியரோ இல்லத்தரசியோ இதில் செய்யும் உழைப்பு, தரவாக நிலைத்து நிற்கிறது. இத்தகைய திட்டங்கள் ஒரு தொகுதிக் காணொளி முடிந்ததும் இடைவெளி விடுவது வழக்கம். அப்போது அதே தளத்தில் வேறு குரங்கினங்கள், வேறு காடுகள் குறித்த பணிகளில் சேர்ந்துகொள்ளலாம். காட்டின் வாசனையோ விலங்கின் குரலோ இதில் கிடைக்காது என்பது உண்மை. நான் வைத்த அளவுகோலில் மட்டும் பார்த்தால், குறுகிய காலப் பயணத்தைவிட இதுவே மேலானது.

பணம் அனுப்புவதைத் தன்னார்வத் தொண்டாக எண்ணப் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. சிம்பன்சி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது; காப்பகம் ஏற்றுக்கொண்ட ஒரு குட்டிக்கு அரை நூற்றாண்டுக்குச் சோறு போட வேண்டும். ஒருமுறை வரும் பெருந்தொகையைவிட மாதந்தோறும் தவறாமல் வரும் சிறுதொகை அவர்களுக்குத் திட்டமிட உதவுகிறது. ரிசர்வ் வங்கி விதிகளின்படி தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்பலாம். வங்கியில் பான் எண்ணும் உரிய படிவமும் கேட்பார்கள். 80ஜி வரிவிலக்கு இந்தியாவில் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கே பொருந்தும் என்பதால், வெளிநாட்டுக் காப்பகத்துக்குத் தருவதில் அது கிடைக்காது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் சிம்பன்சிகள் உள்ளன. அங்கே விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டமும் உண்டு. அது அந்த விலங்குகளின் உணவுக்கு உதவும், செய்யத்தக்கதே. ஆனால் ஆப்பிரிக்கக் காட்டிலுள்ள சிம்பன்சிக்கு அதனால் நேரடியாக எதுவும் சேராது.

இந்தியாவில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பணியும் உள்ளது. 2019-இல் கொல்கத்தாவில் கடத்தல் வழக்கு ஒன்றில் மூன்று சிம்பன்சிகளை அமலாக்கத் துறை கைப்பற்றியது. அவை அலிப்பூர் உயிரியல் பூங்காவில் சேர்க்கப்பட்டன. வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பது நம் நாட்டில் நெடுங்காலம் சட்டத்தின் கண்ணில் படாமலே இருந்தது. 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் பட்டியலிடப்பட்ட உயிரினங்களுக்கு அதில் தனி அட்டவணை வந்தது. ஆகவே குட்டிச் சிம்பன்சிக்குச் சட்டை மாட்டிவிட்டு எடுத்த காணொளியைக் குடும்பக் குழுவில் பகிராமலிருப்பதும், விற்பனைக்கு என்று வரும் செய்தியைப் படம்பிடித்து வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவின் சென்னை மண்டல அலுவலகத்துக்குத் தெரிவிப்பதும் சிறிய வேலைகள்போலத் தோன்றினாலும், வேட்டையைத் தூண்டும் தேவையை அவை நேரடியாகத் தொடுகின்றன.

கடைசியாக, நம் பக்கத்துக் காடுகள். சிம்பன்சியைக் கேட்டால் தேவாங்கைக் காட்டுகிறாரே என்று சிலர் ஏமாற்றமடையலாம். தேவாங்குக்கு உழைப்பது சிம்பன்சிக்கு உழைப்பதாகாது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: சிம்பன்சிப் பணிக்குத் தேவையான ஏறத்தாழ எல்லாத் திறமைகளையும் மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் கற்றுக்கொள்ள முடியும். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்குச் சரணாலயம், இந்தியாவில் அவ்விலங்குக்கென அமைந்த முதலாவது. இரவில் சிவப்பு விளக்கொளியில் கண்களின் மினுக்கத்தை எண்ணிக் கணக்கெடுப்பது, சாலையில் அடிபட்டவற்றைக் குறிப்பது, தேவாங்கைப் பற்றிய பழைய அச்சங்களை ஊராரோடு பேசித் தீர்ப்பது ஆகியவை அங்கே வேண்டிய வேலைகள். 2021-இல் புலிகள் காப்பகமான திருவில்லிபுத்தூர்–மேகமலைப் பகுதியில், அழியும் நிலையிலுள்ள சிங்கவால் குரங்கும் கருமந்தியும் வாழ்கின்றன. காட்டோரக் கண்ணிகளைக் கண்டறிவதும், பயிர்ச் சேதத்தால் கோபத்திலிருக்கும் விவசாயியிடம் பொறுமையாகக் காதுகொடுப்பதும் புடோங்கோவிலும் மேகமலையிலும் ஒரே வேலைதான்.

சுரங்கமும் அப்படியே. மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சிகள் அதிகம் வாழும் கினியாவிலேயே அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டின் உலகிலேயே மிகப் பெரிய இருப்பு உள்ளது. ஆப்பிரிக்க மனிதக் குரங்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை சுரங்கங்களின் பாதிப்புக்கு ஆளாகக்கூடும் என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. நம் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி, 2022-இல் 193.42 ஹெக்டேர் பரப்பில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. எறும்புத்தின்னியும் தேவாங்கும் வாழும் அந்த இடத்தையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிவானபோது, கிராம மக்கள் திரண்டெழுந்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பல்லுயிர்ப் பதிவு ஒன்று முன்பே இருந்ததும், அதைக் கையில் எடுத்துப் பேச ஊரார் இருந்ததும் எவ்வளவு வலுவானவை என்பதை அருகிலிருந்து பார்த்த ஒருவர், கினியாவிலோ உகாண்டாவிலோ ஒரு கிராமக் கூட்டத்தில் உட்காரும்போது கேட்கத் தெரிந்தவராக உட்காருவார்.

ஆக, என் பரிந்துரை ஆளுக்கேற்ப மாறுகிறது. சிம்பன்சியை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே உள்ளூர இருக்கும் ஆசையென்றால், உகாண்டாவில் முறையான அனுமதிச் சீட்டெடுத்துப் பயணியாகச் சென்று பாருங்கள். அந்தப் பணமும் காட்டுக்கு உதவுகிறது, தன்னார்வலர் என்ற பெயர் அதற்குத் தேவையில்லை. வேலையும் குடும்பமும் உள்ளவர் காணொளிப் பணியையும் மாத நன்கொடையையும் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி மாணவர் இரண்டு மூன்று ஆண்டுகள் கடவூரிலும் மேகமலையிலும் வனத்துறையின் கணக்கெடுப்புகளில் உழைத்துவிட்டு, அந்தக் குறிப்பேடுகளோடு ஆப்பிரிக்க மையத்துக்கு விண்ணப்பிப்பது நல்லது. கால்நடை மருத்துவரும் தொழில்நுட்பத் திறமை உள்ளவரும் இப்போதே எழுதலாம். எழுதும்போது, குறைந்தது எத்தனை மாதம் தங்க வேண்டும், வந்தவுடன் எத்தனை நாள் விலங்குகளிடமிருந்து தள்ளியிருக்க வேண்டும், என்னென்ன மருத்துவச் சான்றுகள் வேண்டும், இந்தப் பணிக்குச் சுற்றுலா விசா போதுமா அல்லது தனி அனுமதி தேவையா, என் கட்டணத்தில் எவ்வளவு தீவனத்துக்கும் உள்ளூர்ப் பணியாளர் ஊதியத்துக்கும் போகிறது என்று கேளுங்கள். இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகே விமானச் சீட்டைப் பதிவு செய்யுங்கள்.